படுத்தபடி கெட்டித்த துப்பாக்கி

குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கி ஒன்று அருங்காட்சியகத்துக்கு வந்தால், துருவையும் முத்திரையையும் பார்ப்பதற்கு முன் குழலுக்குள் ஒரு மரக்குச்சியை அடிவரை விடுவோம். வாய் விளிம்பில் குச்சியில் அடையாளம் போட்டு, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். குச்சியின் நுனி, கேப்பு (மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடி) மாட்டும் காம்பு வரை எட்டாமல் சில செ.மீ. முன்னாலேயே நின்றுவிட்டால், மருந்தும் குண்டும் இன்னும் உள்ளே இருப்பதாகவே கொள்ள வேண்டும். உலர்ந்த கருமருந்துக்கு வயதாவதில்லை.

1863இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களத்தில் பொறுக்கிய சுமார் 27,000 துப்பாக்கிகளில் 24,000 கெட்டித்தபடியே கிடந்ததாக அமெரிக்கப் படையின் கணக்கு சொல்கிறது. அவற்றில் பாதியில் இரண்டு முறை கெட்டித்திருந்தார்கள். ஒன்றில் 23 முறை. பயத்தில் சுடாமல் விட்டார்கள் என்பது பலரும் சொல்லும் விளக்கம். கருவியே பாதி விளக்கம் என்போம். காகித உறையைப் பல்லால் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டை இறக்கி, கோலால் இடித்து, கோலை உருவி, கேப்பு மாட்டி, கேப்பை அடிக்கும் குதிரையை முழுக்க இழுத்துச் சுட வேண்டும். நல்ல பயிற்சி இருந்தால் நிமிடத்துக்கு மூன்று குண்டு. அந்த இரைச்சலில் கேப்பு மட்டும் வெடித்து மருந்து பற்றாமல் போனாலோ, கேப்பு மாட்டவே மறந்துபோனாலோ தெரியாது. சிப்பாய் அதன் மேலேயே அடுத்ததைக் கெட்டிப்பான்.

மினியே குண்டு 1849இல் வந்தது. குழலைவிடச் சற்றுச் சிறியது, அடி குழிவானது. எளிதில் உள்ளே இறங்கும். சுடும்போது அடி விரிந்து குழலின் சுருள் பள்ளங்களைக் கவ்வும். 100 கெஜத்தைத் தாண்டினால் நம்பமுடியாத, பள்ளங்கள் இல்லாத பழைய துப்பாக்கியின் இடத்தில் 900 கெஜம் வரை குறிமட்டம் போட்ட பிரிட்டனின் என்ஃபீல்டு வந்தது. போர் மாறியது இந்தத் தூரத்தால்தான் என்று பொதுவாக எழுதுவார்கள். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. என்ஃபீல்டின் நீளம் 1.4 மீட்டர். அதை வாய்வழியாகக் கெட்டிக்க ஆள் எழுந்து நிற்க வேண்டும், அல்லது முழங்காலிட்டு அவதிப்பட வேண்டும்.

சிப்பாயைப் படுத்தபடியே கெட்டிக்க வைத்தது, ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் டிரைசே ஊசித் துப்பாக்கி. குழலின் பின்புறம் திறக்கும் தாழ் வழியாகவே தோட்டாவைப் போடலாம். நீண்ட ஊசி காகிதத் தோட்டாவையும் மருந்தையும் துளைத்துப்போய், குண்டின் அடியில் இருக்கும் பற்றுமருந்தைக் குத்தும். குறைகளுக்கும் பஞ்சமில்லை. வெடிப்பின் நடுவே நிற்கும் ஊசி அரித்து ஒடியும் என்பதால் சிப்பாய் மாற்று ஊசி வைத்திருப்பான். தாழின் இடுக்கில் வாயு கசிந்து முகத்தில் அடிப்பதால் பலர் இடுப்பிலிருந்தே சுட்டார்கள். தூரத்திலும் ஆஸ்திரியாவின் வாய்வழித் துப்பாக்கியான லோரென்ஸ் இதை மிஞ்சியது. ஆனால் 1859இல் பிரான்ஸிடம் தோற்ற ஆஸ்திரியர்கள், துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியைப் பாய்ச்சி முன்னேறுவதே வழி என்று தவறான பாடம் படித்திருந்தார்கள். 1866 ஜூலை 3, பிரஷ்யாவோடு மோதிய கோனிக்ரேட்ஸில் நெருக்கமாக அணிவகுத்து வந்த ஆஸ்திரியர்களை, மண்ணோடு படிந்து கிடந்த பிரஷ்யர்கள் நிமிடத்துக்கு ஐந்து குண்டு வீதம் சுட்டார்கள். பிரஷ்ய இழப்பு சுமார் 9,000. ஆஸ்திரியத் தரப்பில் கைதிகளையும் சேர்த்து 40,000க்கு மேல்.

கசிவைப் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு ரப்பர் வளையத்தால் அடைத்தார்கள். அதுதான் ஷாஸ்போ, 1866 மாதிரி. 1,200 மீட்டர் வரை சுடும். வளையம் சூட்டில் இறுகி வெடிப்பு விடும், மாற்ற வேண்டும், அவ்வளவே. பிரான்ஸும் பிரஷ்யாவும் மோதிய போரில், 1870 ஆகஸ்ட் 18 அன்று சேன் பிரிவா என்ற பிரெஞ்சு ஊரின் வெறும் சரிவில் பிரஷ்யக் காவல்படை நெருக்கமான அணிகளாக நிமிர்ந்து ஏறியது. ஷாஸ்போவின் முன் சுமார் 8,000 பேரை இழந்தது. ஊரைப் பிடிக்க பிரஷ்யாவின் க்ரூப் பீரங்கிகளும் அதன் கூட்டாளியான சாக்சானியப் படையும் வர வேண்டியிருந்தது.