ஒரு மணி நேரப் பாடம் 20 எம்பிக்குள்

பல்கலைக்கழகத்துக்குத் தகவல் தொழில்நுட்பம் என்றதும் ஸ்மார்ட் போர்டு, புது சர்வர் என்று எதையாவது வாங்குவதில்தான் பேச்சு தொடங்குகிறது. அங்கே தொடங்கக் கூடாது. விலை குறைந்த போனை வைத்துக்கொண்டு, சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில், டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் மாணவி ஒருத்தி எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறாள். அவளுக்குப் பாடம் போய்ச் சேர்கிறதா என்று பார்த்துக் கட்டினால் மற்ற எல்லோருக்கும் அது தானாகவே ஓடும்.

கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 1.5 மெகாபிட் வீதம் ஓடும் 720பி வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 675 எம்பி. அதே விரிவுரையின் குரலை மட்டும் மோனோவில், நொடிக்கு 32 கிலோபிட் வீதம் ஓப்பஸ் என்ற ஒலி வடிவில் கொடுத்தால் 14.4 எம்பி. கூடவே படங்களைச் சுருக்கிய ஸ்லைடு பிடிஎஃப் ஒன்று, 5 எம்பிக்குள். மொத்தம் 20 எம்பியைத் தாண்டாது. பழைய போன்களில் ஓப்பஸ் ஓடாமல் போகலாம் என்பதால் ஏஏசி வடிவில் இன்னொரு கோப்பும் வைப்பது நல்லது.

வீடியோ வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆய்வகச் செய்முறையைக் குரலில் காட்ட முடியாது. ஆனால் அதை 6 முதல் 8 நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள். இறக்கும்போது இணைப்பு அறுந்தால் ஒரு துண்டை மட்டும் மறுபடி இறக்கினால் போதும். பலகையில் எழுதும் கணக்குப் பாடத்துக்கு நொடிக்கு 10 ஃபிரேம் தாராளம். எழுத்து தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். செலவு செய்வதென்றால் கேமராவை விடச் சட்டையில் மாட்டும் மைக்குக்குச் செய்யுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் மாணவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். லேப்டாப் மைக்கில் மின்விசிறிச் சத்தத்தோடு சேர்ந்து வரும் குரலைப் பத்து நிமிடத்துக்கு மேல் யாராலும் கேட்க முடியாது.

நேரலை வகுப்புக்கும் இதே அளவுகோல்தான். 30 பேரும் கேமராவைத் திறந்தால் ஒவ்வொருவருக்கும் மற்ற 29 பேரின் படத்தை அனுப்ப வேண்டும். சர்வரிலிருந்து 870 வீடியோ ஓடைகள் கிளம்பும். ஆசிரியரின் கேமரா மட்டும் திறந்திருக்கட்டும். விரிவுரையை முன்பே பதிவாகக் கொடுத்துவிட்டு, நேரலையைக் கேள்வி பதிலுக்கு வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

எழுத்துப் பாடங்களில் வேறொரு சிக்கல். போனில் படம் பிடித்து ஒட்டிய 60 பக்கக் குறிப்பு எளிதாக 100 எம்பியைத் தாண்டிவிடும். 300 டிபிஐ கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து, டெசராக்ட் போன்ற எழுத்துணரியில் (படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் மென்பொருள்) ஓட்டினால் அளவும் இறங்கும், உள்ளே தேடவும் முடியும். அதற்குத் தமிழும் தெரியும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளைக் கட்டாயம் யூனிகோடுக்கு மாற்றுங்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வெறும் ரோமன் எழுத்துகள். தேடலில் சிக்காது. பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் அதை ஏதோ எழுத்துக் குவியலாகப் படித்துக் காட்டும். அந்த மாணவருக்கு நாம் புத்தகத்தைக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு எதையுமே கொடுக்காமல் இருக்கிறோம்.

பாடம், தேர்வு, ஒப்படைப்பு எல்லாவற்றையும் இணையத்தில் நடத்தும் கற்றல் தளம் என்றால் பெரும்பாலும் மூடுல்தான். 2002இல் முதல் பதிப்பு வந்தது. உரிமக் கட்டணம் கிடையாது. அதன் மொபைல் செயலியில் பாடங்களை வைஃபை உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலே படிக்கலாம். வினாடி வினாவையும் ஆஃப்லைனில் எழுதலாம், ஆனால் அந்த வசதியை ஆசிரியர் இயக்கி வைக்க வேண்டும். நேர வரம்பு வைத்தாலோ, விடையை உடனுக்குடன் காட்டும்படி அமைத்தாலோ அது வேலை செய்யாது. பல ஆசிரியர்களுக்கு இது தெரியாமல் "செயலியில் ஆஃப்லைன் வருவதில்லை" என்று விட்டுவிடுகிறார்கள்.

தளம் விழுவது பெரும்பாலும் தேர்வு நாளில், முதல் ஐந்து நிமிடத்தில். 10 மணிக்கு 600 பேர் ஒரே சமயத்தில் "தொடங்கு" பொத்தானை அழுத்துகிறார்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வரில் ஒரு பிஎச்பி செயல்முறை (மூடுல் எழுதப்பட்ட நிரல்மொழியில் ஓடும் ஒரு நிரல்) வேண்டும். ஒன்றுக்கு ஏறக்குறைய 80 எம்பி நினைவகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 ஜிபி சர்வரில் தரவுத்தளத்துக்கும் இயங்குதளத்துக்கும் 6 ஜிபி ஒதுக்கினால் மிஞ்சுவதில் ஏறத்தாழ 125 செயல்முறைகள் நிற்கும். 126ஆவது ஆள் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர் பதற்றத்தில் பக்கத்தை மறுபடி ஏற்றுகிறார், வரிசை இரட்டிப்பாகிறது. கேள்வியில் யாரோ சுருக்காமல் போட்ட 3 எம்பி புகைப்படம் ஒன்று இருந்தால், 600 பேருக்கு அதுவே 1.8 ஜிபி. அதை ஒரு நிமிடத்தில் கொடுக்க நொடிக்கு 240 மெகாபிட் வேண்டும். சர்வர் போதாது என்று புதிதாக வாங்கப் போவதற்கு முன்னால் அந்தப் படத்தை 100 கேபியாகச் சுருக்கிப் பாருங்கள்.

மீதித் தீர்வுகளும் பெரிய செலவில்லாதவை. தேர்வை ஐந்து நிமிட இடைவெளியில் குழுக்களாகத் திறந்துவிடுங்கள். நேர வரம்பு ஒவ்வொருவரும் தொடங்கும் கணத்திலிருந்துதான் ஓடும், அதனால் முடிவு நேரத்தையும் குழுவுக்குத் தக்கபடி தள்ளி வைத்தால் யாருக்கும் நேர இழப்பில்லை. செஷன் தகவலை, அதாவது யார் உள்நுழைந்திருக்கிறார் என்ற குறிப்பை, நினைவகத்திலேயே தரவை வைக்கும் ரெடிஸ் என்ற மென்பொருளுக்கு மாற்றுங்கள். விடைகள் தானாகச் சேமிக்கப்படும் இடைவெளி ஒரு நிமிடம் என்றால், 600 பேருக்கு நொடிக்கு 10 சேமிப்பு. அதை இரண்டு நிமிடமாக்கினால் பாதியாகும். இணைப்பு அறுந்தால் இரண்டு நிமிட விடை போகும் என்பதையும் எடைபோட்டு முடிவெடுங்கள். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு ஜேமீட்டர் என்ற சுமைச் சோதனைக் கருவியில் 600 போலிப் பயனர்களை ஏவிச் சோதியுங்கள்.

காப்பு நகலில் நடக்கும் ஒரு தவறைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மூடுலில் மாணவர் ஒப்படைத்த கோப்பு "அசைன்மெண்ட்2" என்ற பெயரில் வட்டில் இருக்காது. உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட 40 எழுத்துச் சரம்தான் அதன் பெயர். அது யாருடையது, எந்தப் பாடத்துக்குரியது என்பதெல்லாம் தரவுத்தளத்தில் இருக்கும். தரவுத்தளத்தை மட்டும் தினமும் நகலெடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு வட்டு பழுதானால் பெயர்ப் பட்டியல் மிஞ்சும், கோப்பு இருக்காது. கோப்புறையை மட்டும் எடுத்தால் பெயரில்லாத ஆயிரக்கணக்கான கோப்புகள் கிடைக்கும். இரண்டையும் ஒரே இரவில் எடுத்து, ஒரு நகலை வேறு கட்டடத்தில் வையுங்கள். பருவத்துக்கு ஒருமுறை அதை வெற்றுச் சர்வரில் மீட்டு, ஏதாவது ஒரு மாணவரின் ஒப்படைப்பைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் உங்களிடம் காப்பு நகல் இல்லை.

வைஃபையைப் பற்றிச் சுருக்கமாக: அணுகல் புள்ளியைத் தாழ்வாரத்தில் மாட்டாமல் வகுப்பறைக்குள் மாட்டுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்கள் மட்டுமே ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. நெரிசலான அரங்கில் 5 கிகாஹெர்ட்ஸ், 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலம் போதும். மின்சாரம் போனாலும் சுவிட்சுகள் ஓட யுபிஎஸ் வேண்டும். பயனர் கணக்குக்கு மாறாத எண் ஒன்றை அடையாளமாக வையுங்கள். போன் எண்ணை வைத்தால் சிம் மாற்றியவர்கள் எல்லோரும் உதவி மேசைக்கு வருவார்கள்.

ஆய்வேடுகள் அலமாரியில் கிடக்கக் கூடாது. எம்ஐடியும் ஹெச்பி ஆய்வகமும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட டிஸ்பேஸ் என்ற மின் களஞ்சிய மென்பொருள் இதற்கென்றே உருவானது. நிறுவுவது சில நாள் வேலை. கஷ்டம், விவரப் பட்டியலில்தான். தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரங்களுக்கான டப்ளின் கோர் என்ற தரநிலையின் 15 அடிப்படைக் கூறுகளையும் ஒழுங்காக நிரப்ப ஒரு நூலகர் வேண்டும். ஒரே ஆய்வாளரின் பெயர் தலைப்பெழுத்து முன்னும் பின்னுமாக மூன்று விதமாகப் பதிந்தால் அவர் மூன்று பேராகிவிடுவார். ஆய்வாளருக்கான தனி அடையாளமான 16 இலக்க ஆர்கிட் எண்ணை ஆய்வேட்டை ஒப்படைக்கும்போதே வாங்கிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

இத்தனையும் ஓட ஆட்கள் வேண்டும். கருவிக்கு ஒருமுறை பணம் ஒதுக்கிவிட்டுப் பராமரிப்பவருக்குச் சம்பளம் ஒதுக்காத திட்டம் மூன்றாவது ஆண்டில் நின்றுவிடும். குறைந்தது இரண்டு பேருக்கு எல்லாக் கடவுச்சொல்லும், செய்முறைகளும் தெரிந்திருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும்.

வளாகத்துக்கு வெளியே பல்கலைக்கழகம் செய்யக்கூடியது இன்னும் அதிகம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கிய ஓடிகே என்ற கருவியில், இணையமே இல்லாத ஊரில் போனை வைத்துக் கணக்கெடுப்பு நடத்தலாம். ஊரின் குடிநீர்க் குழாய்கள், கிணறுகள் எல்லாவற்றையும் ஒரு வகுப்பு மாணவர்கள் சில நாட்களில் பதிந்துவிடுவார்கள். கேள்விப் படிவத்தை விரிதாளில் எழுதினால் போதும், நிரல் தெரிய வேண்டியதில்லை. விடையைத் தட்டச்சு செய்ய விடாமல் தேர்வுப் பட்டியலாகக் கொடுங்கள்; இல்லாவிட்டால் கைப்பம்பு, கை பம்பு, பம்ப் என்று ஒரே பொருள் மூன்று கணக்கில் விழும். இருப்பிடம் பதியும்போது துல்லியம் 5 மீட்டருக்குள் வரும்வரை திறந்த வெளியில் நிற்கச் சொல்லுங்கள். அவசரப்பட்டு முன்பே சேமித்தால் வரைபடத்தில் கிணறு பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். முழுக் கணக்கெடுப்புக்கு முன் 10 படிவங்களை நிரப்பிப் பார்த்துத் திருத்துங்கள். தேவையில்லாத இடத்தில் வீட்டாரின் பெயரைக் கேட்காதீர்கள். முடிவுகளைக் கட்டுரையாக்குவதோடு நிறுத்தாமல், எந்தக் குழாய் ஓடவில்லை என்று குறித்த வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, அந்த ஊர்க்காரர்கள் கூடும் இடத்திலேயே மாட்டிவிட்டு வாருங்கள். அடுத்த ஆண்டு வகுப்பு அதே தாளோடு போய் எத்தனை சரியாகியிருக்கின்றன என்று எண்ணட்டும்.