வில்பட்டி பிளம்ஸும் உதிர்ந்த பழமும்

கொடைக்கானலிலிருந்து வில்பட்டிப் பக்கம் போனால், படிவயல்களில் பீன்ஸ், கேரட், பூண்டுக்கு நடுவே பிளம்ஸ் மரங்கள் நிற்கும். மே, ஜூனில் காய் சிவக்கும்போதுதான் பயணிகள் கண்ணில் படும். தோட்டத்துக்கோ அதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும்.

சாலையோரக் கூடையில் ஒரு பழத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளி, அதன்மேல் கண்ணாடித் துளியாய்ப் பிசின் இருந்தால், பெண் பழ ஈ தோலுக்கடியில் முட்டையிட்ட இடம் அது. பிளந்தால் கொட்டையை ஒட்டி வெள்ளைப் புழுக்கள். முதிர்ந்தவை உடலை வளைத்துத் துள்ளும். இந்த நிலையில் மருந்தடித்து என்ன பயன்? சதைக்குள் கிடக்கும் புழுவை அது எட்டாது, தின்பவரைத்தான் எட்டும்.

ஈயை மண்ணில் மடக்க வேண்டும். உதிர்ந்த பழத்திலிருந்து புழு வெளியேறி, மேல்மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. ஆகவே உதிர்ந்ததை தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். அல்லது பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட வேண்டும். எருக்குழியில் கொட்டினால் ஈக்கு அதுவே தொட்டில்.

கூடவே, காய் நிறம் மாறும் முன் ஏக்கருக்குப் பத்து மெத்தில் யூஜினால் (ஆண் ஈயை வாசத்தால் இழுக்கும் பொருள்) பொறிகளை நிழலான கிளைகளில் தலை உயரத்தில் கட்ட வேண்டும். விழுவது ஆண் ஈ மட்டும். பக்கத்துத் தோட்டத்தில் பழம் அழுகிக் கிடந்தால், இணைசேர்ந்த பெண் ஈக்கள் அங்கிருந்து வந்துகொண்டேதான் இருக்கும். பொறி நிறைகிறதே என்று பழம் பொறுக்குவதை விட்டால் எல்லாம் வீண்.

டிசம்பர், ஜனவரியில் வந்தால் அதே மரங்கள் மொட்டையாக நிற்கும். அது கவாத்துக் காலம், அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்கும் காலம். பீச் மரம் போன வருடக் குச்சியில்தான் காய்க்கும், தாராளமாக வெட்டலாம். பிளம்ஸ் பழைய கிளையின் குட்டைக் குச்சிகளிலும் காய்ப்பதால் கத்தரி நிதானிக்க வேண்டும்.

பீச்சின் இலைச்சுருட்டை நோய்க்கு, மொட்டு வீங்கும் முன் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியை அடிக்க வேண்டும்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். தீட்டிய இரும்புக் கத்தியை முக்கி எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். இலை சுருண்ட பிறகு அடித்தால் நோயும் போகாது, செம்பு தளிரையும் கருக்கிவிடும்.