நூனு என்றால் மூன்று

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு பி.எட். மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்கு வரும்போதெல்லாம் எனக்கு மாலத்தீவு ஞாபகம் வந்துவிடும். அங்கே நூனு அட்டோல் என்ற பவளத்தீவுக் கூட்டத்தில் ஒரு சின்னத் தீவில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். தீவை ஒரு சுற்று நடந்து வர 20 நிமிடம் போதும்.

அந்த நாட்டில் கிட்டத்தட்ட 1,200 தீவுகள். மக்கள் வசிப்பது ஏறக்குறைய 200-இல்தான். தீவுக்குத் தீவு பள்ளி வேண்டும், ஆனால் ஆசிரியருக்குப் பஞ்சம். அதனால்தான் நம்மூர் ஆட்கள் போனோம். அந்த நாட்டுப் பிள்ளைகளும் தலைநகர் மாலேயில் ஆசிரியர் பயிற்சி முடிக்கும் முன் தீவுப் பள்ளிகளில் பாடம் எடுத்துப் பழக வருவார்கள். அப்படி வந்த ஒரு பெண்ணை என்னிடம் ஒப்படைத்தார்கள். அதே தீவுக்காரி.

முதல் வாரம் பின்னக் கூட்டல். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றாள். பத்து விநாடி, பதினைந்து விநாடி. வகுப்பில் சத்தமே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பாடம் மறந்துவிட்டதாக்கும் என்று கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து போய் நானே போர்டில் போட்டுக் காட்டினேன். நான் பயிற்சியில் இருந்தபோது எனக்கும் அப்படித்தான் செய்தார்கள், குறிப்பேடு முழுக்கச் சிவப்பு மை.

சாயங்காலம் டீக்கடைக்காரர் கேட்டார்: "சார், இன்னிக்கு எங்க பொண்ணைத் திட்டினீங்களாமே?" அவருக்கு அவள் மச்சினி மகள். வகுப்பில் பாதிப் பேர் சொந்தக்காரப் பிள்ளைகள் வேறு. மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்து வெள்ளி, சனி, அங்கே வார விடுமுறை. இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், "எனக்கு உங்க எழுத்தைச் சொல்லித் தர்றியாம்மா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். தினமும் பள்ளி விட்டதும் அரைமணி நேரம். மாலத்தீவுக்காரர்களின் திவேஹி மொழியின் தானா எழுத்தை வலமிருந்து இடமாக எழுத வேண்டும். ஐம்பது வயதில் என் கை ஒத்துழைக்கவில்லை. ஆனால் கணக்கு வாத்தியாருக்கு அதில் ஒரு விருந்து இருந்தது. முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்து வந்தவை, அடுத்த ஒன்பது அவர்களுடைய பழைய எண்களிலிருந்து. மூன்றாவது எழுத்து நூனு, அதாவது அரபு மூன்று. நான் இருந்த அட்டோலின் பெயரே ஒரு எண்!

அங்கேதான் கவனித்தேன். நான் திணறும்போது அவள் வாயே திறக்க மாட்டாள். பென்சிலைப் பிடுங்க மாட்டாள். எவ்வளவு நேரமானாலும் முகத்தில் அவசரம் இருக்காது. அன்று வகுப்பில் நின்றதும் இதே நிற்பு. பாடம் மறந்து நிற்கவில்லை, பிள்ளைகள் யோசிக்கட்டும் என்று நின்றிருக்கிறாள்.

அதற்கப்புறம் நான் எழவில்லை. பாடம் முடிந்ததும் தனியாக ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்வேன், அதையும் மெதுவாக.

இப்போதும் பயிற்சிப் பிள்ளை கேள்வி கேட்டுவிட்டு மௌனமாக நின்றால் என் கால் பரபரக்கத்தான் செய்கிறது. குறிப்பேட்டின் ஓரத்தில் வலமிருந்து இடமாக நூனு எழுத ஆரம்பித்துவிடுவேன். ஐந்தாறு எழுதுவதற்குள் பெரும்பாலும் ஏதாவது ஒரு கை உயர்ந்துவிடும்.