‘வான்ட்’ முதலில் ஆசையைக் குறித்த சொல் அல்ல

ஆங்கில வழிப் பள்ளிகளில் 23-ஆம் சங்கீதத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் முதல் வரியிலேயே தடுமாறுவதுண்டு. ‘தி லார்ட் இஸ் மை ஷெப்பர்ட், ஐ ஷால் நாட் வான்ட்.’ கர்த்தர் என் மேய்ப்பர், எனக்கு அவர் வேண்டாம் என்றா பாடுகிறோம்? இன்றைய ஆங்கிலத்தை வைத்துப் பார்த்தால் சந்தேகம் நியாயமானதுதான். தமிழ் பைபிள் இதை ‘நான் தாழ்ச்சியடையேன்’ என்று சரியாகச் சொல்கிறது. இந்த ஆங்கில வரி வரும் கிங் ஜேம்ஸ் பைபிள் அச்சான 1611-இல் ‘வான்ட்’ என்றால் குறைவுபடுதல். அதே பைபிளில் தானியேல் 5:27-இல் அரசன் தராசில் நிறுக்கப்பட்டு ‘வான்டிங்’ என்று தெரியவருகிறான். தமிழில் ‘குறையக் காணப்பட்டாய்’.

இது ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கும் அல்ல. 9-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. ‘எக்’, ‘நைஃப்’, ‘ஸ்கை’, ஏன் ‘தே’ என்ற சாதாரணப் பிரதிப்பெயர்கூட அவர்கள் கொடுத்ததுதான். நார்ஸில் ‘வன்ட’ என்றால் இல்லாதிருத்தல், போதாதிருத்தல். ஆங்கில எழுத்தில் 1200 வாக்கில் தலைகாட்டுகிறது.

வேரைத் தோண்டினால் நமக்குத் தெரிந்த முகங்களும் கிடைக்கின்றன. நிலா தேய்வதைச் சொல்லும் ‘வேன்’, வெறுமையைக் குறிக்கும் லத்தீன் ‘வானுஸ்’, அதிலிருந்து வந்த ‘வேனிட்டி’ எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர். சமஸ்கிருதத்தில் அந்த வேர் ‘ஊன’ என்று ஆகி, குறைபட்டது என்று பொருள் தந்தது. தமிழில் வழங்கும் ‘ஊனம்’ அங்கிருந்து வந்ததுதான். சமஸ்கிருதத்தில் 19-ஐ ‘ஊனவிம்சதி’ என்பார்கள்: ஒன்று குறைந்த இருபது. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் மணி சொல்லும் விதமும் இதே கணக்கு. ‘இட் வான்ட்ஸ் டென் மினிட்ஸ் டு ட்வெல்வ்’ என்றால் பன்னிரண்டாகப் பத்து நிமிடம் குறைகிறது. ‘வான்டன்’ என்ற சொல் ‘வான்ட்’டின் பிள்ளை மாதிரித் தெரியும், ஆனால் ஒன்றுவிட்ட உறவுதான். ‘வன்’ என்ற குறை முன்னொட்டோடு, வளர்க்கப்பட்டது என்ற பழைய ஆங்கிலச் சொல் சேர்ந்தது. வளர்ப்புச் சரியில்லாதவன் என்பது அதன் மூலப்பொருள்.

இதன் இலக்கணம் இன்னும் சுவாரசியமானது. நார்ஸில் ‘நான் குறைவுபடுகிறேன்’ என்று எழுவாய் போட்டுச் சொல்வதில்லை. அதன் நேர் வாரிசான ஐஸ்லாந்து மொழியில் இன்றும் ‘மிக் வன்தர் போக்’ என்றால் எனக்கு ஒரு புத்தகம் தேவை. அதில் ‘மிக்’ என்பது ‘என்னை’, இரண்டாம் வேற்றுமை. ஆனால் பேச்சில் பலர் ‘மியேர் வன்தர்’, அதாவது ‘எனக்கு’ என்கிறார்கள். இலக்கணக்காரர்கள் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் நான்காம் வேற்றுமை நோய் என்று சொல்லலாம். அந்த நோய் நமக்குப் பிறவியிலேயே உண்டு: எனக்கு வேண்டும், எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும். ஆங்கிலமும் ஆரம்பத்தில் இந்த அமைப்பைக் கொஞ்ச காலம் வைத்திருந்தது. பிறகு ஆளை எழுவாயாக்கிவிட்டது.

குறை எப்படி ஆசையானது? இல்லாதது தேவையாகும், தேவைப்படுவதை மனம் விரும்பும், பாதை எளிது. இடம் காலியாக இருந்ததும் ஒரு காரணம் என்பது என் கருத்து. பழைய ஆங்கிலத்தில் விருப்பத்தைச் சொன்ன முக்கிய வினை ‘வில்’. ஜெர்மன் மொழியில் ‘இஹ் வில்’ என்றால் இன்றும் எனக்கு வேண்டும் என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் அது எதிர்காலத் துணைவினையாகத் தேய்ந்துபோக, அன்றாட ஆசைக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. ‘டிசையர்’ பிரெஞ்சு வழி வந்த கனமான சொல், டீ கேட்கப் பயன்படாது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ‘வான்ட்’ அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

எனவே அதற்கு முந்தைய நூலில் ‘வான்ட்’ வந்தால் முதலில் ‘லாக்’, அதாவது குறைவுபடுதல், என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே பொருந்தும். பிந்தைய நூல்களில் அடுத்து வருவதைக் கவனிக்க வேண்டும். ‘வான்ட் ஆஃப்’ என்றால் இல்லாமை. ‘வான்ட்ஸ் ஃபார் நத்திங்’ என்றால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. உயிரற்ற பொருள் எழுவாயாக வந்தால் ஆசைக்கு வழியே கிடையாது: ‘தி ஷர்ட் வான்ட்ஸ் வாஷிங்’, சட்டையைத் துவைக்க வேண்டும். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) நாவலின் புகழ்பெற்ற முதல் வாக்கியம், கையில் பணமுள்ள தனி ஆள் ‘இன் வான்ட் ஆஃப் எ வைஃப்’ ஆகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. அவன் மனைவிக்கு ஏங்குகிறான் என்று படித்தால் கேலி பாதி போய்விடும். அவனுக்கு மனைவி என்ற ஒன்று குறைகிறது என்று முடிவுகட்டுவது ஊர்தான், அவனுக்கு ஆசை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

1941-இல் ரூஸ்வெல்ட் சொன்ன நான்கு சுதந்திரங்களில் ஒன்று ‘ஃப்ரீடம் ஃப்ரம் வான்ட்’. இதை ‘ஆசையிலிருந்து விடுதலை’ என்று மொழிபெயர்த்தால் அமெரிக்க அதிபர் புத்த பிக்கு ஆகிவிடுவார். வறுமையிலிருந்து விடுதலை என்பதே சரி. 1942-இல் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்காக எழுதப்பட்ட பிரிட்டனின் பெவரிட்ஜ் அறிக்கை பட்டியலிட்ட ஐந்து அரக்கர்களில் ஒன்றான ‘வான்ட்’டும் இந்த வறுமைதான். நம் செய்தித்தாள்கள் ‘வான்டட்’டை அழகாகப் பிரித்திருக்கின்றன: வேலை விளம்பரத்தில் ‘ஆட்கள் தேவை’, போலீஸ் அறிவிப்பில் ‘தேடப்படும் குற்றவாளி’.

பேசும்போது நாம் வழுக்கும் இடங்கள் இரண்டு. ‘நீ வரவேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பதில் உள்ள ‘என்று’ நம்மை ‘ஐ வான்ட் தட் யூ கம்’ என்று சொல்ல வைக்கிறது. ‘ஐ வான்ட் யூ டு கம்’ என்பதே வழக்கு. இரண்டாவது, கடையில் ‘ஐ வான்ட் எ காபி’ என்பது. நம் ‘வேண்டும்’ வேண்டுதலுக்கும் வேண்டுகோளுக்கும் சொந்தம், அதனால் அதில் பணிவு தானாக ஒட்டியிருக்கும். ‘வான்ட்’டில் அது இல்லை, லண்டன் கடைக்காரர் காதில் அதட்டலாக விழும். ‘குட் ஐ ஹாவ்’ என்று ஆரம்பித்தால் பிரச்சினை இல்லை. அலுவலகத்தில் ‘ஐ வான்ட் டு ஆஸ்க்’ என்பதை ‘ஐ வான்டட் டு ஆஸ்க்’ என்று இறந்தகாலத்தில் போட்டாலே போதும், குரல் தணிந்துவிடும்.

‘வான்டட்லி’ தென்னிந்திய ஆங்கிலத்தின் சரக்கு. ‘வேண்டுமென்றே’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் தைத்ததுபோல் இருக்கிறது. தெலுங்கிலும் ‘காவாலனி’ என்று இதே அமைப்பு உண்டு. வெளிநாட்டுக்காரரிடம் ‘ஆன் பர்ப்பஸ்’ என்றால்தான் புரியும். இந்தச் சொல் மறுபடி ‘வான்டடா’ என்று தமிழுக்குள் வந்தபோது பொருள் சற்று நகர்ந்துவிட்டது. ‘வேணும்னே இடிச்சான்’ என்றால் கெட்ட எண்ணம் இருக்கிறது. ‘வான்டடா வந்து மாட்டிக்கிட்டான்’ என்பதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. யாரும் கூப்பிடவில்லை, அவனாகவே வந்தான், அவ்வளவுதான்.