பனினி பிரஸ் வாங்கலாமோ?

கிளிநொச்சிப் பக்கம் பனினி பிரஸ் (பாணை ரெண்டு சூட்டுத் தட்டுக்கு நடுவில அமத்தி வாட்டுற மெசின்) வாங்க நிக்கிறவை முதல்ல அடியில ஒட்டியிருக்கிற வாட்ஸைப் பாருங்கோ. 1500 எண்டா 230 வோல்ட்டில ஆறரை அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் பிளக்கில அடப்டர் வைச்சுக் குத்தினா பிளக் சூடாகி உருகும். 13 அம்பியர் வேணும்.

சுடச்சுட வாங்கின பாண் நசிஞ்சு களியாப் போகும். நேற்றையான் பாண்தான் திறம். விரல் தடிப்பில வெட்டி, வெளிப்பக்கம் மெல்லிசா மாஜரின் பூசி, உள்ளுக்கு நல்லா வத்தின சீனிச்சம்பல். மீன்கறியெண்டா குழம்பை வடிச்சிடுங்கோ, இல்லாட்டி வழிஞ்சு தட்டில கருகிப் பிடிக்கும். தட்டைக் கழட்டேலாத மெசினெண்டா சுரண்டியே கை நொந்துபோம்.

கிழமைக்கு ஒருக்காத் தின்ன இது தேவையே இல்லை. தோசைக்கல்லில பாணை வைச்சு, மெல்லிய நெருப்பில, அடி கழுவின சட்டியில தண்ணி நிறைச்சு மேல வைச்சு 3 நிமிசம்; திருப்பி இன்னும் 2 நிமிசம். மெசின் தட்டுப் போடுற கோடுதான் விழாது.