முதல்ல எழுத்து, அப்புறம் புத்தகம்

"இந்த அத்தியாயத்தை முடிச்சிட்டு எழுதலாம்" என்று புத்தகத்தைத் தொட்டால் அன்றைக்கு எழுத்து நடக்காது. வரிசையை மாற்றுங்கள். காலையில் 40 நிமிடம், போன் வேறு அறையில், 250 சொல். மோசமாக வந்தாலும் திருத்த வேண்டாம். திருத்துவது தனி வேலை, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். வரி நன்றாக ஓடும்போதே பாதியில் எழுந்துவிட்டால் மறுநாள் தொடங்கத் திணற வேண்டியதில்லை.

கடலூரிலிருந்து பாண்டிக்கு தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்குப் படிக்க நேரம் தானாகவே கிடைக்கிறது (உட்கார இடம் கிடைத்தால்!). குலுங்கும் பஸ்ஸில் எழுத முடியாது, படிக்கலாம். தலைசுற்றுகிறவர்கள் ஒலிநூல் கேட்கலாம்.

நாவல் எழுதும் மாதங்களில் வலுவான நடை கொண்ட நாவலைப் படித்தால் அந்த வாக்கியங்கள் உங்கள் வரிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது வரலாறு, கட்டுரை, பயணநூல் பக்கம் ஒதுங்குங்கள். புதுச்சேரியில் 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. தமிழோடு பிரெஞ்சு நூல்களும் உண்டு. போகும்போது உங்கள் கதைக்குத் தேவையான கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். 'ஆய்வு' என்ற பெயரில் எழுத்தைத் தள்ளிப்போடுவது அலமாரிகளுக்கு நடுவில்தான் ஆரம்பிக்கும்.

ரசித்துப் படிக்கிற புத்தகத்தோடு நோட்டும் பேனாவுமாக உட்காராதீர்கள், அது பரீட்சைப் படிப்பாகிவிடும். பிடித்த பக்கத்தின் எண்ணை மட்டும் ஒரு சீட்டில் குறித்துவிட்டு, முடித்தபின் திரும்பிப் பாருங்கள். பாதி சாதாரணமாகத் தெரியும். மீதியை மட்டும் நோட்டில் எழுதுங்கள்.

நூலகப் புத்தகத்தில் கோடு போடுகிறவர்களுக்குத் தனிப் பதிவு இருக்கு.