என் பிழைகளை மூன்றாகப் பிரித்தபோது

வாடிக்கையாளர் ஒருவருக்கு நான் எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு சொல் தவறு. ‘டெஃபினிட்லி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘டிஃபையன்ட்லி’ என்று போயிருந்தது. ‘உங்கள் கோரிக்கையை நிச்சயம் பரிசீலிப்போம்’ என்பது ‘முரண்டு பிடித்தபடி பரிசீலிப்போம்’ என்று ஆகிவிட்டது. மறுநாள் கூட்டத்தில் அந்தக் கடிதத்தைத் திரையில் காட்டினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். மேலாளர் மட்டும் சிரிக்காமல், “அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பார்த்திருக்கலாமே?” என்றார்.

நான்கு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தேன். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

நடந்தது இதுதான். நான் முதலில் தட்டியது சரியான சொல்லைத்தான். ஆனால் நடுவில் ‘ஐ’ வரவேண்டிய ஓரிடத்தில் ‘ஏ’ போட்டிருந்தேன். கணினி கீழே சிவப்புக் கோடு இழுத்து, இரண்டு சொற்களைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டது. அந்தச் சொல்லின் உருவம் மனதில் பதிந்திருப்பவர்களுக்கு அது ஒரு நொடி வேலை. எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. மேலே இருந்ததை அழுத்தினேன். பிழைதிருத்தி இருக்கும்போது உனக்கென்ன கவலை என்று கேட்பவர்களுக்கு இந்த இடம் புரிவதில்லை. அது சந்தேகத்தைக் கிளப்பும், ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டியவன் நான். ‘ஃப்ரம்’ எழுத நினைத்து ‘ஃபார்ம்’ எழுதினால் அது கோடுகூடப் போடாது. அதுவும் ஒரு சொல்தானே.

அப்போது எனக்கு 34 வயது. பள்ளியில் பிழையாக எழுதிய சொல்லை நூறு முறை எழுதச் சொல்வார்கள். எழுதுவேன். நாற்பதாவது முறைக்குள் அது வேறொரு தவறாக மாறியிருக்கும், அந்தத் தவறையே மீதி அறுபது முறை எழுதி முடித்திருப்பேன். வீட்டில் அக்காதான் இரவில் பாடங்களை வாசித்துக் காட்டுவாள். கேட்டது அப்படியே மனதில் நிற்கும். மறுநாள் வகுப்பில் கையைத் தூக்கிப் பதில் சொல்வேன், எழுத்துத் தேர்வில் தோற்பேன். “வாயால சொல்லத் தெரியுது, எழுத மட்டும் உடம்பு வளையலையா?” என்று கேட்காத ஆசிரியர் இல்லை. அக்காவும் கோபம் வந்தால் சோம்பேறி என்றுதான் திட்டுவாள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான், எனக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டி எழுதுவதிலும் வரும் கற்றல் சிரமம், இருக்கிறதா என்று பார்க்கும் மதிப்பீட்டுக்குப் போனேன். பெரியவர்களுக்கும் செய்வார்களா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். செய்கிறார்கள்.

முதலில் கண்ணையும் காதையும் சோதித்து வரச் சொன்னார்கள். அவற்றில் கோளாறு இருந்தால் மற்ற முடிவுகளுக்குப் பொருளில்லை என்பதால். அதோடு, பழைய நோட்டு, கடிதம், கைக்குறிப்பு எது கிடைத்தாலும் கொண்டுவரச் சொன்னார் மதிப்பீட்டாளர். குறிப்பாக, திருத்தப்படாதவை. யாருக்கும் காட்டாமல் இத்தனை வருடம் மறைத்து வைத்திருந்ததைத்தான் அவர் கேட்டார். பையில் போட்டுக்கொண்டு போகும்போது, திருடிய பொருளை நானே ஒப்படைக்கப் போவது மாதிரி இருந்தது.

சோதனை இரண்டு நாள், இடைவெளி விட்டு விட்டு நடந்தது. எண்களைச் சொல்லி, அதே வரிசையிலும் பின்னோக்கியும் திருப்பிச் சொல்லச் சொன்னார். நிறக்கட்டைகளை அடுக்கி ஒரு வடிவம் செய்யச் சொன்னார். அது எனக்கு எளிதாக வந்தது. ஒரு தாள் நிறையப் படங்களை வரிசையாகக் காட்டி, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகப் பெயர் சொல்லச் சொன்னார். எல்லாம் எனக்குத் தெரிந்த பொருள்கள்தான். இருந்தும் நாவு பின்தங்கியது. “‘ஸ்டாப்’ங்கிற சொல்லில் ‘ட்’ ஒலியை எடுத்துட்டா என்ன வரும்?” என்று கேட்டார். கடிகார முள் நகர்வது கேட்கும் அளவுக்கு நான் யோசித்தேன்.

கடினமாக இருந்தது பொருளில்லாச் சொற்களின் பட்டியல். ‘ஸ்ட்ரிம்ப்’ போல, எந்த அகராதியிலும் இல்லாத சொற்கள். முன்பே பார்த்த சொல்லை நினைவிலிருந்து எடுத்துச் சமாளிக்கலாம். இவற்றை எழுத்தையும் ஒலியையும் கூட்டித்தான் படித்தாக வேண்டும். முப்பது வருடமாக நான் வாசித்துக்கொண்டிருந்தது பாதிக்குப் பாதி ஊகம் என்று அந்தத் தாளின் முன்னால்தான் எனக்கே தெரிந்தது. ஆறாவது சொல்லில் கண் கலங்கிவிட்டது. அவர் தண்ணீர் கொடுத்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

மூன்றாம் சந்திப்பில்தான் என் பழைய தாள்களை மேசைமேல் பரப்பினார். பிழைகளை ஒவ்வொன்றாகச் சீட்டில் எழுதி வைத்திருந்தார். அவற்றை மூன்று குவியலாகப் பிரித்தார்.

முதல் குவியல் ஆங்கிலத்தின் பிழைகள். அதாவது, ஆங்கிலம் எல்லாரையும் செய்ய வைக்கும் பிழைகள். ‘அகாமடேட்’ சொல்லில் இரண்டு ‘சி’யா, இரண்டு ‘எம்’மா? இரண்டும் இரண்டிரண்டு. ‘நெசசரி’யில் ஒரு ‘சி’, இரண்டு ‘எஸ்’. ‘செபரேட்’ சொல்லின் நடு உயிரெழுத்தை வாய் விழுங்கிவிடுகிறது, அதனால் அது ‘ஏ’யா ‘இ’யா என்று காதால் கண்டுபிடிக்க வழியே இல்லை. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதும் மொழி அது. ‘கடன்’ என்று பொருள்படும் ‘டெட்’ சொல்லில் ஒலிக்காத ‘பி’ ஒன்று இருக்கிறதே, பழைய ஆங்கிலேயர் அதை ‘பி’ இல்லாமல்தான் எழுதினார்கள். சொல்லின் லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் பிற்பாடு செருகியது அது. ‘ஐலண்ட்’ கதை இன்னும் மோசம். அந்தச் சொல்லுக்கு லத்தீனோடு தொடர்பே இல்லை. லத்தீனிலிருந்து வந்த ‘ஐல்’ என்ற வேறொரு சொல்லோடு உறவு என்று தவறாக நினைத்து ஓர் ‘எஸ்’ஸை நுழைத்தார்கள். ‘எஸ்’ இல்லாமல் எழுதியதற்காக நான் பெஞ்சுமேல் நின்றிருக்கிறேன்.

இரண்டாவது குவியல் தமிழ்க் காதின் பிழைகள். தமிழில் ‘பல்’லுக்கும் ‘பயம்’ என்பதற்கும் முதலில் வருவது ஒரே ‘ப’. உதட்டில் வேறு, எழுத்தில் ஒன்று. அதனால் தமிழில் எழுதப் பழகிய கை, ஆங்கிலத்தின் இரண்டு ‘பி’க்களையும் இரண்டு ‘டி’க்களையும் மாற்றிப் போட்டுவிடும். ‘வெஸ்ட்’ என்றால் மேற்கா, உள்சட்டையா என்பது நம் காதுக்கு ஒன்றுதான். இதைக் குறைபாடாகக் கணக்கில் சேர்ப்பது தவறு என்றார். மதிப்பிடுபவருக்கு வீட்டு மொழி தெரியாவிட்டால் இந்தக் குவியல் முழுவதும் அடுத்த குவியலில் போய் விழுந்துவிடுமாம்.

மூன்றாவதுதான் என்னுடையது. ‘பிளாங்க்’கில் ‘என்’ காணோம். ‘ஃபார்மு’ம் ‘ஃப்ரமு’ம் இடம் மாறியிருக்கின்றன. ஒரே பக்கத்தில் ஒரே சொல் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது, மூன்றும் தவறு. வழக்கமாகப் பிழை செய்பவர்கள் ஒரே பிழையைத்தான் திரும்பத் திரும்பச் செய்வார்கள், இப்படி மாற்றி மாற்றிச் செய்வதைத்தான் கவனிக்க வேண்டும் என்றார். குவியல் சின்னதாகத்தான் இருந்தது. மலைபோல் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பிறகு பெர்சி என்ற பையனைப் பற்றிச் சொன்னார். 1896ல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவனைப் பற்றி எழுதினார். 14 வயது, புத்திசாலி, கணக்கு நன்றாகப் போடுவான். பாடம் முழுக்க வாய்வழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவன் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் தன் சொந்தப் பெயரையே ‘பிரெசி’ என்று எழுதினான். ‘ஆர்’ முன்னால் தாவிவிட்டது. என் ‘ஃப்ரமி’ல் நடப்பதும் அதேதான். நான் பிறப்பதற்குப் பல காலம் முன்பே என் பிழையை ஒருவர் பார்த்து, இது சோம்பல் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தச் செய்தி என் வகுப்பறைவரை வந்து சேரவே இல்லை.

தமிழிலும் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார். பிழையில்லாமல் வாசித்தேன், மெதுவாக. “தமிழ் நல்லாத்தானே வருது, அப்போ எனக்கு டிஸ்லெக்ஸியா எப்படி மேடம்?” என்று கேட்டேன். எழுத்துக்கும் ஒலிக்கும் நேர்வழி இருக்கும் மொழிகளில் இது பிழையாக வெளிப்படாமல் வாசிக்கும் வேகக் குறைவாக வெளிப்படும் என்றார். 2001ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் மூவரையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். இத்தாலியர்கள் மற்ற இருவரைவிட நன்றாக வாசித்தார்கள். ஆனால் டிஸ்லெக்ஸியா உள்ளவர்களின் மூளையில் தெரிந்த வேறுபாடு மூன்று மொழியிலும் ஒன்றே. தமிழில் ‘க’ எங்கே எப்படி ஒலிக்கும் என்பதற்கு ஒழுங்கு உண்டு. நான் தடுக்கியது ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற நீண்ட சொற்களில்தான். எழுதும்போது ‘ர’கரமும் ‘ற’கரமும் இன்றும் என்னைப் படுத்துகின்றன.

அறிக்கை கைக்கு வந்த அன்று அக்காவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். “உன்னை நான் சோம்பேறின்னு சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்காடா?” என்றாள். “நீ வாசிச்சுக் காட்டினதுதான்க்கா ஞாபகம் இருக்கு” என்றேன். உண்மையில் இரண்டுமே ஞாபகம் இருந்தன.

அலுவலகத்தில் சொல்வதுதான் மதிப்பீட்டைவிடக் கடினமாக இருந்தது. கேலி செய்தவர்கள் கேலியை நிறுத்திவிட்டார்கள். சங்கடம் வந்தது அன்பானவர்களிடமிருந்து. “எனக்கும் ஸ்பெல்லிங் வராது, எனக்கும் டிஸ்லெக்ஸியாதான் போல.” “இப்பதான் இதுக்கெல்லாம் பேரு வெக்கிறாங்க.” பெயர் வைத்து நூற்றாண்டு தாண்டிவிட்டது, ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1887ல் வெளியிட்ட நூலிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஒருவர் நிறக்கண்ணாடி போட்டுப் பார்க்கச் சொன்னார். 2009ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் கூட்டறிக்கை வெளியிட்டு, அதற்குப் போதிய சான்று இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னொருவர் ஐன்ஸ்டீனுக்கே இருந்ததாம் என்றார். அதற்கும் சான்று கிடையாது. இருந்திருந்தாலும் நான் ஐன்ஸ்டீன் ஆக வேண்டிய கட்டாயம் எனக்கு ஏன்? மேதையாக இருந்தால்தான் மன்னிப்பு என்பது போன்ற பேச்சு அது. ‘நெசசரி’யில் தடுக்கும் எல்லாருக்கும் டிஸ்லெக்ஸியா என்றால், என் மூன்றாவது குவியலைப் பார்க்க யாருமே மிஞ்சமாட்டார்கள்.

மேலாளரிடம் மூன்று காரியம் கேட்டேன்: வெளியே போகும் கடிதத்தை இன்னொருவர் ஒருமுறை பார்க்க வேண்டும், கூட்டத்துக்கான தாள்கள் முதல் நாளே வேண்டும், எதையும் அங்கேயே உரக்கப் படிக்கச் சொல்லக்கூடாது. “இவ்வளவுதானா?” என்றார். அன்று திரையில் கடிதத்தைக் காட்டியதற்கு அவர் வருத்தம் தெரிவித்ததும் அப்போதுதான்.

ஒரு வருடம் வாரத்துக்கு இரண்டு வகுப்பு போனேன். ஆர்ட்டன், கில்லிங்ஹாம் என்ற இருவர் பெயரால் வழங்கும் முறை: ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுத்தை விரலால் மேசைமேல் எழுத வேண்டும். கண், காது, கை மூன்றும் ஒரே நேரத்தில். முதல் வாரம் வெட்கமாக இருந்தது, பிறகு போய்விட்டது. ஆனால் எனக்குக் கதவு திறந்தது சொற்களின் உறவுமுறை தெரிந்தபோதுதான். ‘சைன்’ சொல்லில் ஒலிக்காத ‘ஜி’, ‘சிக்னேச்சர்’ சொல்லில் வாய்விட்டுப் பேசுகிறது. ‘செபரேட்’டும் ‘பிரிப்பேரு’ம் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை, இரண்டிலும் ‘பி’யை அடுத்து ‘ஏ’தான். என்னைத் தலைகுனிய வைத்த ‘டெஃபினிட்லி’க்குள் ‘ஃபைனைட்’ என்ற சொல் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகு அந்த ‘ஐ’ விலகிப் போனதில்லை.

என் வாசிப்பு இன்னும் மெதுவாகத்தான் போகிறது. பெரிய அறிக்கைகளைக் கணினியை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். களைத்திருக்கும் நாளில் ‘ஃப்ரம்’ இன்னமும் புரண்டுகொள்கிறது.

மேசை ஓரத்தில், இன்னும் பிடிபடாத சொற்களின் பட்டியல் ஒட்டியிருக்கிறது. நேற்று அதிலிருந்து ‘ரிசீட்’டை அடித்துவிட்டேன். அதிலுள்ள ஊமைப் ‘பி’ எனக்கு நிற்கவே நிற்காது. ‘ரிசெப்ஷன்’ என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். காதில் விழுந்தது. இப்போது பட்டியலில் 17 சொற்கள்.